ரப்பருக்கு வலித்த வருடம்

சினிமாவில் வாங்கிய முதல் அறையிலேயே ரப்பருக்கு முன்பற்கள் மூன்று விழுந்துவிட்டன. அறைந்தவரின் கை அவன் கன்னத்தைத் தொடவில்லை. ஒரு முழம் தள்ளி வீசப்பட்ட கை அது. சினிமாவில் அப்படித்தான் அறைவார்கள், வாங்குகிறவன் சரியான நேரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டால் போதும், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். ரப்பரும் திருப்பத்தான் செய்தான். அதற்குள் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது, பற்கள் தரையில் உருண்டு விளக்கு ஸ்டாண்டின் காலடியில் போய் நின்றன, நெற்றி ஓரத்திலிருந்து தாடைவரை வளைவாக ஒரு வீக்கம் எழும்பியது. வில்லன் நடிகர் தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் தொடவே இல்லைங்க, எல்லாரும் பாத்தீங்கல்ல" என்றார். எல்லாரும் பார்த்திருந்தார்கள். தையல் போட்ட டாக்டர், இது கையால் பட்ட அடி இல்லை, இரும்பு வாணலியின் விளிம்பு, அதுவும் உயரமான ஆள் குள்ளமான ஆளை மேலிருந்து கீழே அடித்த அடி என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வாணலி என்ற சொல் காதில் விழுந்ததும் ரப்பரின் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாணலியைப் பார்க்காத பிள்ளைகள் அந்தக் காலத்தில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் வந்த குழந்தைகள் நிகழ்ச்சி அது. ஒரு குறும்புக்காரப் பையன், அவனை அடிக்கத் துரத்தும் தடி மாமா, கதை அவ்வளவுதான். முதல் நாள் படப்பிடிப்பில் மாமா அடிக்க வேண்டியது கறுப்புப் பெயின்ட் அடித்த பஞ்சு வாணலியால். பக்கத்திலேயே, சமையலறை என்று காட்டுவதற்காக, நிஜ வாணலி ஒன்றும் இருந்தது. அவசரத்தில் மாமா நடிகரின் கைக்கு வந்தது நிஜ வாணலி. பையனுக்கு அப்போது ஏழு வயது. டங்கென்று கேட்ட சத்தத்தில் கேமராக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பையனின் அம்மா கேமராவுக்கு வலது பக்கம் நின்றிருந்தாள். வெளியே வராந்தாவில் இன்னொரு பையன், தன் அம்மாவின் மடியில் தலைசீவி உட்கார்ந்திருந்ததும் அவளுக்குத் தெரியும். இவன் அழுதால் அடுத்த நிமிஷம் அவனைக் கூப்பிடுவார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "வலிக்கலையே, வலிக்கவே இல்லையே. சொல்லு கண்ணா" என்றாள். பையன் அம்மாவைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "வலிக்கவே இல்லையே" என்றான். தலையிலும் முகத்திலும் புடைப்பு இல்லை, கீறல் இல்லை, முடிகூடக் கலையவில்லை. தயாரிப்பாளர் வந்து மண்டையைத் தடவிப் பார்த்தார். பஞ்சு டி.வி.யில் பஞ்சாகத்தான் தெரிகிறது என்று அவருக்கு ரொம்ப நாளாகவே குறை. மறுநாளிலிருந்து பஞ்சுச் சாமான்கள் குப்பைக்குப் போயின.

பிறகு வந்த ஒன்பது வருடத்தில் அவன் வாங்காத அடி இல்லை. கதவிடுக்கில் விரல்களை வைத்துச் சாத்தினார்கள், ஏணியோடு சாய்த்தார்கள், கொதிக்கும் தண்ணீரைக் கவிழ்த்தார்கள், உருளும் டிரம்முக்குள் அடைத்து மாடிப்படியில் விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஷாட்டுக்கு முன்னால் அவன் அம்மாவின் பக்கம் திரும்பி, "வலிக்குமாம்மா?" என்பான். "வலிக்காதுடா" என்பாள். அவனும் எழுந்து தூசியைத் தட்டி அந்த ஒரே வசனத்தைச் சொல்வான். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு அதையே சொன்னார்கள். அவனுடைய சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்து ரப்பர் என்பதே பெயரானது. தடி மாமாவாக நடித்தவர் நிஜத்தில் கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். முதல் மாதம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தார், பிறகு பழகிவிட்டது. எல்லாருக்கும் பழகிவிட்டது. ரப்பரின் அப்பாவுக்கு மட்டும் பழகவில்லை. அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியின் பாட்டு தொடங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு சலூனுக்குப் போய்விடுவார். அந்தத் தெருவிலேயே அவரைப்போல் ஒழுங்காகச் சவரம் செய்த ஆம்பிளை வேறு யாரும் இல்லை.

பையனுக்கு மீசை அரும்பியதும் நிகழ்ச்சியை முடித்துவிட முடிவு செய்தார்கள். கடைசிக் காட்சியில் மாமா அவனை மூன்றாவது மாடியிலிருந்து உதைத்துத் தள்ள வேண்டும். தள்ளினார். சிமெண்ட் தரையில் முகம் குப்புற விழுந்த பையன் எழுந்து நின்றான். வசனத்தின் முதல் பாதி குழந்தைக் குரலிலும் அடுத்த பாதி ஆம்பிளைக் குரலிலும் வந்தது. கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள், எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர்களும் கடை திறக்கவும் பிறந்தநாள் விழாவுக்கும்தான் கூப்பிட்டார்கள். விழா வீட்டுப் பிள்ளைகள் மட்டையோடு வரிசையில் நிற்பார்கள், பெற்றவர்கள் போட்டோ எடுப்பார்கள், இருபது வயதுப் பையன் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் அடி வாங்கி "வலிக்கவே இல்லையே" என்பான். சினிமாவில் இரண்டு இடத்தில் வாய்ப்புக் கிடைத்தது. ஒன்றில் கொலைகாரனாகக் கத்தியைத் தூக்கினான், தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. இன்னொன்றில் அப்பாவின் பிணத்தைப் பார்த்து அழுதான், இன்னும் அதிகமாகச் சிரித்தது. கடைசியில் அவனை நம்பி ஒரு இயக்குநர் வந்தார். எடுத்த படமெல்லாம் ஊற்றிக்கொண்டதால் அவருக்கும் இழப்பதற்கு எதுவும் பாக்கியில்லை. ஒரு சரக்குக் கிடங்குத் தொழிலாளியை ஒரு கும்பல் அடித்தே கொல்லப் பார்க்கிற கதை. "உன்னை எல்லாரும் அடிப்பாங்க. நீ சிரிச்சே, படம் காலி. வலிக்கணும். வலிக்கிற மாதிரி இல்ல, வலிக்கணும்" என்றார். அப்படித்தான் அன்றைக்கு, வில்லனின் கை ஒரு முழம் தள்ளிப் போனபோது, ரப்பர் முதல்தடவையாக அந்த வசனத்தை விழுங்கிவிட்டு "அம்மா" என்று கத்தினான். வாணலி வந்து விழுந்தது.

வாணலிக்கு அடுத்தது கதவு. எட்டடி தள்ளி நின்று ஒருவன் மிரட்டியதற்கே வலது கை விரல்கள் நசுங்கின. பிறகு ஏணி, பிறகு கொதிநீர், எல்லாம் டி.வி.யில் வந்த வரிசையில், ஒன்றுகூட முந்தாமல் வந்தன. சில்லறை அடிகள் கும்பலாகவும் வந்தன. ஒரே பிற்பகலில் இரண்டு வருடத்து உதைகளை வாங்கி முடித்து ரத்த வாந்தி எடுத்த நாளும் உண்டு. மேக்கப்காரருக்கு வேலை இல்லாமல் போய், ஓரமாக உட்கார்ந்து பேப்பரில் வரும் குறுக்கெழுத்துப் புதிரை நிரப்பினார். ஒரு நாள் பழக்கதோஷத்தில் ரப்பர் அடியை வாங்கிச் சிரித்து வசனத்தை முணுமுணுத்துவிட்டான். அன்றைக்கு ஒரு அடியும் வரவில்லை, எடுத்த காட்சியும் எதற்கும் உதவவில்லை. ஆக விதி எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது: வலித்தால் பழைய அடி வரும், வலிக்கவில்லை என்றால் காத்திருக்கும். தெருப் பையன்கள், அதே நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள், "அடுத்தது டிரம்முண்ணே, விலாவைப் பாத்துக்குங்க" என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினார்கள். ஸ்டண்ட் மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு விலகப் பார்த்தார். இயக்குநர் விடவில்லை, ரப்பரும் விடச் சொல்லவில்லை. நொறுங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதபோது அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. அது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. தடி மாமா நடிகர் பழக்கூடையோடு பார்க்க வந்தார். கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்ததும், "நான் கையை இழுத்து மெதுவாத்தான் அடிச்சேன் தம்பி" என்று தொடங்கினார். சொல்லி முடிக்காமல் கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் ஒரே ஒரு அடி பாக்கி நின்றது, பழைய நிகழ்ச்சியில் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த அடி. படத்திலும் ஒரே ஒரு காட்சி பாக்கி. கும்பல் அவனை மாடியிலிருந்து தள்ள வேண்டும், அவன் அலறிக்கொண்டே விழ வேண்டும். நிஜத்தில் குதிக்க வேண்டியது ஒரு மேசை உயரம், கீழே மெத்தை. மீதி உயரத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். "அலறினான்னா மூணு மாடியும் வந்து சேரும். ஆள் தேற மாட்டான்" என்றார் ஸ்டண்ட் மாஸ்டர். "அலறலைன்னா படமே இல்லை" என்றார் இயக்குநர், ஆனால் தரையைப் பார்த்துத்தான் சொன்னார். ரப்பர் யோசித்துச் சொல்வதாக வீட்டுக்குப் போனான்.

அம்மா சமையலறையில் அவனுக்காக எதையோ மசித்துக்கொண்டிருந்தாள். பல் போனதிலிருந்து எல்லாமே மசித்துத்தான். அப்பா வெளியே போயிருந்தார். அவன் கடைசிக் காட்சியைப் பற்றிச் சொன்னான்.

"சிரிச்சுடுடா. ஒரே ஒரு தடவை. எவனுக்குத் தெரியப்போகுது" என்றாள்.

"கேமராவுக்குத் தெரியும்மா."

"படம் போனா போகுது. உசிரு இருந்தா கடை திறந்தாவது பொழைச்சுக்கலாம்."

"போன தடவை கடை திறக்கப் போனப்போ ஒரு குழந்தை செங்கல்லைத் தூக்கிட்டு வந்துச்சு. அதுக்கும் சிரிச்சேன். என்னால இனிமே முடியாதும்மா."

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. அவன் "அன்னைக்கு அது நிஜ வாணலின்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"எனக்கு எப்படித் தெரியும். நான் தள்ளில்ல நின்னேன்."

"சத்தம் கேட்டிருக்குமே."

கரண்டி நின்றது. அவன் எழுந்தான். "நாளைக்கு வா. எப்பவும் நிக்கிற இடத்துலயே நில்லு. நான் கேக்கிறதுக்குப் பதில் சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவன் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் கேமராவுக்கு வலது பக்கம் போய் நின்றாள். மேசை உயரப் பலகையின் மேல் ரப்பர் ஏறினான், ஒரு கண் மூடிக் கிடந்தது, கை கழுத்தில் மாட்டிய துணிக்கட்டில் தொங்கியது. கேமரா ஓடத் தொடங்கியதும் அவன் கும்பலைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். "வலிக்குமாம்மா?" என்றான். எழுதிய வசனத்தில் அது இல்லை. இருந்தும் இயக்குநர் நிறுத்தவில்லை. அவளுக்குப் பழைய பதில் நாக்கின் நுனியிலேயே இருந்தது, ஒன்பது வருடம் சொல்லிப் பழகியது, சிரிப்புக்காக உதடும் விரிந்தது. அப்போது அவன் வாயில் பல் இல்லாத இடம் தெரிந்தது. அந்தப் பற்கள் முளைத்தபோது முதலில் பார்த்தவள் அவள்தான்.

"வலிக்கும்டா" என்றாள். "அன்னைக்கும் வலிச்சிருக்கும். சத்தம் கேட்டுச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன், வெளிய அந்தப் பையன் உக்காந்திருந்தான்."

ரப்பர் அலறிக்கொண்டே விழுந்தான். ஒலிப்பதிவாளர் பிறகு சத்தியம் செய்து சொன்னார், இரண்டு சத்தம் கேட்டது, ஒன்று மெத்தையிலிருந்து, ஒன்று கேமராவுக்குப் பக்கத்திலிருந்து. ரப்பரின் இடது கால் இரண்டாக மடிந்து எலும்பு வெளியே வந்தது, இடப்பக்க விலா எலும்புகள் உடைந்தன. சமதரையில், நின்ற இடத்தை விட்டு அசையாமல் இருந்த அம்மாவின் வலது இடுப்பும் வலது காலும் நொறுங்கி, அவள் முகம் குப்புறச் சிமெண்டில் கிடந்தாள். அவளுக்குத்தான் ரத்தம் அதிகம். இருவரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழியெல்லாம் அவள் வலிக்கிறது வலிக்கிறது என்று கத்திக்கொண்டே வந்தாள், அவனும் கத்தினான், ஒருவரையொருவர் அடக்கவில்லை. டாக்டர் இரண்டு எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டையும் சேர்த்தால் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த ஒரே ஆள் என்றார். "முழுசும் ஒருத்தருக்கே வந்திருந்தா பொழைச்சிருக்க முடியாது, பாதிப் பாதியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அந்தக் காட்சியை இயக்குநர் அம்மாவின் குரலோடேயே படத்தில் வைத்தார். எந்த ஊரிலும் யாரும் சிரிக்கவில்லை. சில தியேட்டர்களில் அம்மாக்கள் பக்கத்து இருக்கைப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். ரப்பருக்கு அடுத்தடுத்துப் படங்கள் வந்தன, நொண்டுகிறவனுக்கு ஏற்றாற்போல் பாத்திரங்களை எழுதினார்கள், திரையில் அவனுடைய சொந்தப் பெயரைப் போட்டார்கள். அம்மா வலது காலையும் அவன் இடது காலையும் இழுத்து நடப்பதால், இருவரும் சேர்ந்து கடைக்குப் போகும்போது தோள்கள் இடித்துக்கொள்ளும். ஊன்றுகோலின் அடி ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது என்று அவள் கடைக்காரரிடம் சண்டை போடுவாள்.

பழைய நிகழ்ச்சியை இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி போடுகிறார்கள். அதில் பையன் அடி வாங்கியதும் வசனம் வருவதில்லை. மண்டை வீங்குகிறது, பையன் உதட்டைப் பிதுக்கி அழுகிறான், உடனே திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து வாணலியைத் தட்டிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போகிறாள். அத்துடன் அந்த வாரம் முடிந்துவிடுகிறது. சேனல்காரர்கள் டேப்புகளைப் போட்டுப் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. விளம்பரதாரர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ரப்பரின் அப்பா பாட்டு தொடங்கியதும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்க்கிறார். தாடி நெஞ்சுவரை வளர்ந்துவிட்டது.