ஸ்ட்ராபெர்ரி பழுக்கும்வரை

அந்த வசந்தத்தில் லவீனியா ட்ரூவிட்டின் சாப்பாட்டு மேசையில் நான்கு சட்டசபை உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் தங்கள் முடிவைச் சொல்லிவிட்டார்கள். நான்காமவர் இன்னும் இரண்டு முட்டை கேட்டார்.

அவர் ஏஸா வில்கஸ். தெற்கே செல்பிவில் பக்கத்தில் ஸ்ட்ராபெர்ரி பயிரிடுகிறவர். லவீனியாவின் கணவர் உயிரோடிருந்தபோது இருவரும் சேர்ந்து வாத்து சுடப் போவார்கள். அந்த உரிமையில் அவளைத் தங்கச்சி என்பார். சபை கூடும்போதெல்லாம் டோவரில் அவள் வீட்டில்தான் தங்குவார். மாடியில் தெருவைப் பார்த்த அறை, காலையில் முட்டையும் பொரித்த பன்றிக்கறித் துண்டும்.

1920 மார்ச்சில் சிறப்புக் கூட்டம் தொடங்கியது. பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கும் திருத்தத்துக்கு முப்பத்தைந்து மாநிலங்கள் சம்மதித்திருந்தன. இன்னும் ஒன்று போதும், நாடு முழுவதற்கும் சட்டமாகிவிடும். அந்த ஒன்று டெலவேராக இருக்கட்டும் என்று ஊர் ஊராகப் பெண்கள் டோவருக்கு வந்து இறங்கினார்கள். நாட்டின் சாசனத்தை முதலில் ஏற்றது இந்த மாநிலம்தான். அதைச் சொல்லாமல் இங்கே ஒரு பள்ளிக்கூட விழா முடியாது. ஏஸா மேடை ஏறினால் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றே. "நாமதான் முதல்ல கையெழுத்துப் போட்டோம்!" கூட்டம் தட்டும். இரண்டாவது வாக்கியம் யாருக்கும் நினைவில்லை.

லவீனியாவுக்கு ஐம்பத்தொரு வயது. அவள் வீட்டுக்கு எதிரே தீயணைப்புக் கூடம். ஓட்டுப்பதிவு அங்கேதான். பதினான்கு வருடமாக ஒவ்வொரு தேர்தலுக்கும் அங்கே உட்காரும் அதிகாரிகளுக்குக் காப்பி அனுப்புகிறவள் அவள். கோப்பைகளைத் திரும்ப வாங்கப் போனால் வாசலில் குறுக்கே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொல்வார்கள். உள்ளேயிருந்து யாராவது கோப்பைகளை எடுத்து நீட்டுவார்கள். வரும் நவம்பரில் அந்தக் கயிற்றைத் தாண்ட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்கு ஏஸா "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னால் தெற்கத்தி உறுப்பினர்களில் ஐந்தாறு பேர் சொல்வார்கள்.

ஆதரிக்கிறவர்கள் கோட்டில் மஞ்சள் பூ செருகினார்கள். எதிர்க்கிறவர்கள் சிவப்பு ரோஜா. லவீனியா தினமும் காலையில் ஏஸாவின் தட்டருகே ஒரு மஞ்சள் பூ வைப்பாள். அவர் அதைச் செருகிக்கொண்டு கிளம்புவார். மாலையில் திரும்பும்போது கோட்டில் ஒன்றும் இருக்காது.

"காத்துல விழுந்துடுச்சு தங்கச்சி."

ஒன்பது வாரம் காற்று அடித்தது.

சபை கூடியது, கலைந்தது. ஒரு நாள் போதிய ஆள் இல்லை. ஒரு நாள் யாருக்கோ பல்வலி. ஒரு நாள் சாவு. மே ஐந்தாம் தேதி மேல்சபை சம்மதித்தது. சபைக்கு முன்னாலிருந்த திடலில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஆனால் தீர்மானத்தைக் கீழ்சபைக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் அங்கே கொன்றுவிடுவார்கள் என்று திருத்தத்தை ஆதரிக்கிறவர்களே அதைப் பூட்டி வைத்தார்கள். ஏஸா கீழ்சபைக்காரர்.

"அண்ணே, இன்னிக்கு என்ன பேசினீங்க?"

"நாய்வரி."

"மூணு மணி நேரமா?"

"நாய் நிறைய இருக்குல்ல."

மேசையில் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரீன்லி, வடக்கேயிருந்து வந்த மருந்துக்கடைக்காரர், மஞ்சள் பூக்காரர், "ஏஸா, நாய்க்கு ஓட்டுக் கொடுக்கிறதா இருந்தா இந்நேரம் கொடுத்திருப்பீங்க" என்றார்.

"நாய் கேட்கலையே" என்றார் ஏஸா. ரொட்டியைக் குழம்பில் தோய்த்தார்.

லவீனியா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். டெலியா தண்ணீரில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"என்னாச்சும்மா இன்னிக்கு?"

"ஒண்ணும் ஆகலை."

டெலியா கறுப்புப் பெண். பன்னிரண்டு வருடமாக இந்தச் சமையலறை அவள் கையில் இருந்தது. மார்ச்சிலிருந்து தினமும் மாலை அவள் கேட்டாள். தினமும் லவீனியா அதே பதிலைச் சொன்னாள். சில நாள் டெலியா பதிலுக்கு ஏதாவது சொல்வாள். "வேதத்துல நாப்பது நாள் பெஞ்ச மழை கூட நின்னுடுச்சும்மா. இவங்க நிக்க மாட்டேங்கறாங்க." லவீனியாவுக்கு அன்று முதன்முறையாகச் சிரிப்பு வரும்.

மே நடுவில் ஒரு மாலை மற்றவர்கள் எழுந்துபோன பிறகு ஏஸா மேசையிலேயே இருந்தார். கோழியும் மாவுத்துண்டும் போட்ட குழம்பை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். லவீனியா எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, சுத்தி வளைக்க வேண்டாம். உங்களுக்கு என்னதான் தடை?"

"உனக்கு ஓட்டு வரட்டும். எனக்குச் சந்தோஷம்தான். உன் புருஷன் இருந்தா அவனும் அதைத்தான் சொல்வான்."

"அப்புறம்?"

ஏஸா சமையலறைக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டார். "உனக்கு மட்டுமா வரும்? அவளுக்கும்தான் வரும். எங்க பக்கம் அவங்க எத்தனை பேர் தெரியுமா? அவங்க ஆம்பளைங்க ஓட்டுப் போடறதையே எங்க ஆளுங்க சகிச்சுக்கலை. நான் ஆமாம்னு சொல்லிட்டு ஊருக்குப் போய் எந்த மூஞ்சியோட நிக்கிறது?"

லவீனியா மேசைவிரிப்பின் சுருக்கத்தை விரலால் நீவினாள். யோசித்ததாக அவளுக்குப் பின்னாளில் நினைவில்லை. பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"டெலியா எங்கேண்ணே போடப்போறா. அவளுக்கு அதுல ஆசையே கிடையாது. அவ மட்டும் இல்லை, இங்க அவங்க ஆளுங்க யாரும் வர மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துக்குவியா?"

"நான் சொன்னா கேட்பா."

ஏஸா பல் குத்தினார். "அப்ப சரி. ஆமாம்னு சொல்லிடறேன். போதுமா?"

கதவு திறந்தது. டெலியா ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட இனிப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இரண்டு துண்டு வெட்டினாள். பெரிய துண்டு ஏஸாவுக்கு. கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மாலை லவீனியா தட்டுகளோடு சமையலறைக்குப் போனபோது டெலியா திரும்பிப் பார்க்கவில்லை. வேலை மும்முரமாக இருக்கும் என்று லவீனியா நினைத்தாள். அதற்கு அடுத்த நாளும் டெலியா கேட்கவில்லை. லவீனியா தானாகவே, "இன்னிக்கும் ஒண்ணும் ஆகலை" என்றாள்.

"சரிம்மா" என்றாள் டெலியா.

மே முடியும்போது தீர்மானத்தை ஒருவழியாகக் கீழே அனுப்பினார்கள். ஏஸா சாப்பிடும்போது ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். தெற்கே ஸ்ட்ராபெர்ரி பழுத்துவிட்டது. செல்பிவில் ரயில் நிலையத்தில் பெட்டி பெட்டியாக ஏலம் போய்க்கொண்டிருந்தது. அவர் மகனிடமிருந்து தினம் ஒரு கடிதம் வந்தது.

"ரெண்டு நாள் விட்டா கூழாயிடும். பறிக்க ஆள் வேற இல்லை. இவனுங்க எப்பதான் முடிப்பானுங்களோ!"

"நீங்களும் அவங்கள்ல ஒருத்தர்தானே" என்றாள் லவீனியா.

"அதான் கஷ்டமே."

ஜூன் இரண்டு, புதன்கிழமை. அன்று கீழ்சபையில் தீர்மானம் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லவீனியா தட்டருகே மஞ்சள் பூவை வைத்தாள். ஏஸா அதை எடுத்து முகர்ந்து பார்த்து கோட்டில் செருகினார். "சமையல் பிரமாதம்" என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம்தான் கேட்டது.

லவீனியா தொப்பியைச் சரிசெய்துகொண்டு அரைமணி கழித்துப் புறப்பட்டாள். வேலியோரத்தில் அவளுடைய சிவப்பு ரோஜாச்செடி அந்த வாரம்தான் பூக்கத் தொடங்கியிருந்தது. நேற்று ஐந்து பூ எண்ணியிருந்தாள். இன்று நான்கு. காம்பு பச்சையாக ஒடிந்திருந்தது. கீழே மண்ணில் மஞ்சள் பூ கிடந்தது. ஒரு காலடி அதன்மேல் பட்டிருந்தது.

அவள் அப்படியே நின்றாள். அதற்குப் பிறகும் சபைக்குப் போனாள்.

பார்வையாளர் மாடத்தில் இடமில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். கீழே ஏஸாவின் வழுக்கை தெரிந்தது. அவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். தீர்மானத்தை எடுத்துப் பேசலாமா என்று கேட்டார்கள். பேர் பேராகக் கூப்பிட்டார்கள். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். கிரீன்லி "வேண்டும்" என்று கத்தினார். வில்கஸ் என்று கூப்பிட்டபோது ஏஸா பாதி எழுந்து, "வேண்டாம்" என்று சொல்லி, நாற்காலி கிரீச்சிட உட்கார்ந்தார். முழுதாக எழுந்திருக்கக்கூட இல்லை. கணக்கு முடிந்தது. இருபத்துநான்குக்குப் பத்து. தீர்மானத்தை எடுக்கவே இல்லை. சிறிது நேரத்தில் சபையை முடித்துவிட்டார்கள். ஆண்கள் தொப்பியைத் தேடினார்கள். பக்கத்தில் நின்ற பெண் லவீனியாவிடம், "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். எதுவோ இனிமேல்தான் நடக்கப்போகிறது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருந்தாள்.

லவீனியா வீடு திரும்பியபோது ஏஸாவின் பெட்டி ஏற்கெனவே கூடத்துக்கு வந்திருந்தது. அவர் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். கோட்டில் செருகியிருந்த சிவப்பு ரோஜாவை எடுத்துவிட்டிருந்தார்.

"அண்ணே, எனக்கு வாக்குக் கொடுத்தீங்க."

"கொடுத்தேன். திருத்தத்துக்கு ஆமாம்னு சொல்றேன்னு சொன்னேன். திருத்தம் எங்க வந்துச்சு? எடுக்கலாமா வேண்டாமான்னுதானே கேட்டான்? நான் உனக்கு எதிரா ஒரு ஓட்டும் போடலை தங்கச்சி."

"எடுத்தாத்தானே வரும்!"

"நாலு மணி ரயில். பெர்ரி எனக்காகக் காத்திருக்குமா?"

"என் செடியில பறிச்சீங்க."

அவர் முகம் ஒரு கணம் சிவந்தது. "கடையில வாங்கி வச்சிருந்த சிவப்பு ரோஜா வாடிப்போச்சு. போற வழியில கை நீட்டினேன், அவ்வளவுதான். ஒரு பூவுக்கா?"

"நான் உங்களுக்காக..." அவளால் முடிக்க முடியவில்லை. அவருக்காக என்ன செய்தாள் என்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது.

ஏஸா அவளுக்கு உதவினார். "அந்தப் பேச்சா? அவளைப் பார்த்துக்கறேன்னு சொன்னியே. அதை நான் அப்பவே நம்பலை. உன் பேச்சை அவ ஏன் கேட்கப் போறா?" பெட்டியைத் தூக்கினார். "பெர்ரி அனுப்பி வைக்கிறேன். நல்ல ரகம்."

வெள்ளிக்கிழமை ரயிலில் மரப்பெட்டி வந்தது. உள்ளே முப்பத்திரண்டு சின்னக் கூடை. பக்கவாட்டில் கறுப்பு மையில் ஏ. வில்கஸ். பிரிக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்று லவீனியா நினைத்தாள். ஆனால் அடியிலிருந்து சாறு கசிய ஆரம்பித்திருந்தது. திருப்பி அனுப்பினால் போய்ச் சேர்வது அழுகல்தான்.

இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து காம்பு கிள்ளினார்கள். லவீனியாவின் நகக்கண் சிவந்தது. அந்த வருடம் சர்க்கரை கிடைப்பதே அரிது. இருந்த சர்க்கரை பத்துக் கூடைக்கு ஜாம் போடக் காணாது.

"டெலியா, அன்னிக்கு நான் சொன்னது..."

"கேட்டுச்சும்மா."

"அந்தாள் ஆமாம்னு சொல்லணும்னுதான்."

"தெரியும்."

"அவர் சொல்லலை."

"அதுவும் தெரியும்."

டெலியா கிள்ளிய பழத்தைக் கிண்ணத்தில் போட்டாள். "எங்க வீட்டுக்காரர் பதினாறு வருஷமா ஓட்டுப் போடறார். பேர் பதியணும்னா சாசனத்துல நாலு வரி படிச்சுக் காட்டணும். அவருக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது யாரு தெரியுமா?"

லவீனியாவுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை.

"எனக்கு ஆசையே கிடையாதுன்னு சொன்னீங்க. உங்ககிட்ட தினம் என்னாச்சு என்னாச்சுன்னு எதுக்குக் கேட்டேன்னு நினைச்சீங்க?"

"எனக்காகக் கேட்கறேன்னு நினைச்சேன்."

டெலியா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.  எழுந்து பதினாறு கூடைகளை எண்ணி ஒரு பக்கம் நகர்த்தினாள்.

"இது என் வீட்டுக்கு."

"எடுத்துக்கோ."

"கேட்கலைம்மா. சொன்னேன்."

ஆகஸ்டில் டென்னசி சம்மதித்தது. முப்பத்தாறாவது மாநிலம். பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு லவீனியா சமையலறைக்கு ஓடினாள்.

"டெலியா, முடிஞ்சுது! டென்னசி!"

"காலையிலேயே கேள்விப்பட்டேன்."

லவீனியா மூச்சு வாங்கினாள். இரண்டு மாதமாக நினைத்து வைத்திருந்ததைச் சொன்னாள். "பேர் பதியப் போறப்ப ரெண்டு பேரும் சேர்ந்து போகலாமா?"

"எங்க சர்ச்சுல பதினோரு பேர் சேர்ந்து போறோம்மா. ரெண்டு பேர் இன்னும் படிச்சுப் பழகணும்." டெலியா அடுப்பில் இருந்ததைக் கிளறினாள். "நீங்க உங்க அண்ணனோட போங்க."

லவீனியா பத்திரிகையை மடித்தாள். சமையலறையில் வேறு வேலை இல்லை. பின்வாசலில் அந்த மரப்பெட்டி ஜூனிலிருந்து கிடந்தது. விறகுக்கு உடைத்துவிடலாம் என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் குந்தினாள். மூன்று பலகை வந்தன. ஏஸாவின் பேர் எழுதிய நான்காவது பலகையின் ஆணி வளைந்து மரத்துக்குள் போயிருந்தது. சுத்தியலின் பிளவு அதைப் பிடிக்கவில்லை. பலகையைப் பிடித்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். உள்ளே டெலியா சாசனத்தின் வரிகளை மனப்பாடம் சொல்வதுபோல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஆணி அசையவில்லை.