மாடியில் ஒரு லுங்கி

ஓவியா கம்ப்யூட்டரில் கட்டிய கஃப்ஜி ஊரில், நான் வேலை பார்த்த சலவைக்கடை இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க் நின்றது. "இடிச்சுடு" என்றேன். மறுபேச்சு பேசாமல் இடித்தாள். அவளுக்கு அது மவுஸில் இரண்டு தட்டு.

என் மகள் அமெரிக்காவில், மில்பிடாஸில் வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். தொண்ணூற்றொன்று ஜனவரியில் இராக் படை எல்லை தாண்டி வந்து பிடித்த சவூதி ஊரை, கூட்டுப்படை இரண்டே நாளில் மீட்ட கதைதான் இந்த விளையாட்டு. அந்த ஊரை வடிவமைக்கும் பொறுப்பு முதல்முறையாக அவளிடம் வந்திருந்தது. சண்டைக்கு முன்பே ஊரைக் காலி செய்துவிட்டார்கள் என்று படித்து, தெருக்களைத் துடைத்து வைத்தமாதிரி கட்டியிருந்தாள். எல்லாரும் போய்விட்டார்கள் என்பது எழுதினவர்கள் கணக்கு. என் முதலாளி குடும்பத்தோடு தம்மாம் கிளம்பினார், அவர் பெட்டியில் என் பாஸ்போர்ட்டும் போயிற்று. தேய்த்து மடித்து நம்பர் போட்ட நாற்பத்தொரு தோப், அதாவது அரபிகள் போடும் நீள வெள்ளை அங்கி, அடுக்கில் இருந்தது. கடையைப் பார்த்துக்கொள் என்றார். பார்த்துக்கொண்டேன்.

இதையெல்லாம் இத்தனை வருஷம் அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கேட்ட பிறகு கடையைக் கட்டினாள், சுடாதீர்கள் என்று அன்று நான் கட்டியதுபோலவே மொட்டைமாடிக் கொடிக்கயிற்றில் என் நீலக் கட்டம் போட்ட லுங்கியைத் தொங்கவிட்டாள். அங்கேதான் வம்பு வந்தது. நம்பும்படி இல்லை, எடுத்துவிடு என்று அவள் மேலதிகாரி எழுதியிருந்தார்.

"விட்டுடலாம்ப்பா. வெள்ளைத் துணி வச்சுடறேன். வெள்ளிக்கிழமை ரிவ்யூ பாஸ் ஆனா போதும்."

"அப்ப அங்க இருந்தது நான் இல்ல, வேற எவனோ" என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம். வெள்ளிக்கிழமை காலையில் ஃப்ரீமான்டிலிருந்து அவள் காரிலேயே நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ரூஃபஸ் என்ற அந்த அதிகாரி தூத்துக்குடிக்காரர், வயது நாற்பதுக்குள். மரியாதையாக நாற்காலி இழுத்துப் போட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள், லாஜிக் இடிக்குது. தெருவுல கூட்டுப்படை கவச வண்டி வருது, ஜன்னல் அசைஞ்சா சுடறாங்க. உள்ள நான் இருக்கேன்னு காட்டணும். கடை முழுக்க வெள்ளைத் துணி. அதை விட்டுட்டு யாராவது லுங்கியக் கட்டுவாங்களா?"

"அது கஸ்டமர் துணி, தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். ஓவியாவும் பார்த்தாள். இந்தக் காரணம் அவளுக்கும் தெரியாது. இதையும் விளக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"ஒரே புகை, கரி. கட்டினா திரும்பத் தோய்க்கணும். தண்ணி வேற நின்னுபோச்சு."

பயமில்லை என்று சொன்னால் பொய். ஒரு தோப்பை எடுத்துக்கூடப் பார்த்தேன். நம்பர் பதினேழு, பள்ளிக்கூட வாத்தியாருடையது, மகன் கல்யாணத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தவர். அதை மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு, இடுப்பில் இருந்ததை அவிழ்த்துக்கொண்டு பட்டாபட்டி டிராயரோடு மாடி ஏறினேன்.

"சுட்டாங்களா அங்கிள்?"

"மொதல்ல சுட்டாங்க. லுங்கியில ரெண்டு ஓட்டை. அப்புறம் வண்டி மேல இருந்த கத்தார் சிப்பாய் ஒருத்தன் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டான்."

ரூஃபஸ் கன்ட்ரோலரைக் கையில் எடுத்து ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினார். திரையில் கவச வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. பேக்கரி, தையல்கடை, அடுத்து என் கடை. மாடியில் ஏதோ அசையவும் துப்பாக்கி அந்தப் பக்கம் நிமிர்ந்தது.

"ஓட்டை எங்கப்பா? கரையிலயா, நடுவுலயா?" என்று ஓவியா மெதுவாகக் கேட்டாள்.

நான் திரையில் விரல் வைத்துக் காட்டினேன். ரூஃபஸின் கட்டைவிரல் சுடும் பொத்தான் மேல் அழுத்தாமல் இருந்தது. காற்றில் லுங்கி ஒரு பக்கமாக உப்பி ஆடியது. அவர் வண்டி நகராததால், பின்னால் வந்த வண்டிகளும் ஒவ்வொன்றாக அந்தத் தெருவில் நின்றன.