பட்டியில் சொல்ல வேண்டிய வார்த்தை

மோண்டே வந்து நின்றபோது வுயிசா தண்ணீர் லாரியின் அடியில் படுத்திருந்தான். செருப்பைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டான். தெரியாமல் இருக்குமா? அவனுடைய முன்னாள் மனைவி பும்லா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவன். வுயிசாவின் மகள் அசாக்கேவை எட்டு வருஷமாக வளர்ப்பவன். அவளைத் தத்தெடுக்கக் கோர்ட்டில் மனு போட்டவனும் அவன்தான்.

சம்மதக் கையெழுத்து வாங்கும் முன் மாஜிஸ்ட்ரேட் அம்மா வுயிசாவிடம் இரண்டு தடவை கேட்டார். "யாரும் மிரட்டலையே? மனசு மாறினா அறுபது நாளுக்குள்ள வந்து சொல்லிடுங்க. அதுக்கப்புறம் வந்து அழுதாலும் நடக்காது." பத்து வயது தாண்டிய பிள்ளை என்பதால் அசாக்கேவையும் கேட்டார். "தம்பிங்க ரெண்டு பேருக்கும் ஒரு குடும்பப் பேரு, எனக்கு மட்டும் வேற பேரு," என்றாள் அவள், மேசையைப் பார்த்து. அந்த ஒரு பேச்சில் வுயிசா கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பிறந்தபோது தூரத்து ரஸ்டன்பர்க்கில் சுரங்க வேலையில் இருந்தான். ஊர் திரும்பியபோது அவள் வேறொருவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பழி தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தால் ஏக்கம் குறைந்துவிடுமா என்ன? தினமும் கோர்ட் வாசலில் லாரியை மெதுவாக்குவான், பிறகு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். வரும் திங்கட்கிழமையோடு அறுபது நாள் முடிகிறது.

"ராடேபே, ஒரு காரியமா வந்தேன்," என்றான் மோண்டே, குலப்பெயர் சொல்லி, மரியாதையாக.

"இன்னும் எங்கயாவது கையெழுத்து பாக்கியா?"

மோண்டே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பிள்ளைக்கு நீங்க ஆடு வெட்டவே இல்லையாமே."

பிறந்த பிள்ளையைத் தகப்பன் தன் மாட்டுப்பட்டியில் ஆடு வெட்டி முன்னோருக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். முதலில் வுயிசா ஊரில் இல்லை. பிறகு வெட்கம் விடவில்லை.

"அவளுக்கு நான் வெட்டினா, திருடிட்டு வந்த பிள்ளையக் காட்டுற மாதிரி ஆயிடும்னு எங்க மாமா சொல்றாரு. முதல்ல உங்க முன்னோருங்ககிட்ட காட்டுங்க. அப்புறம், விட்டுக் கொடுக்கிறேன்னு அவங்க முன்னாடி உங்க வாயாலயே சொல்லணும்."

"கோர்ட்டுல சொன்னது பத்தாதா?"

"கோர்ட்டுக்குப் பத்தும்," என்றான் மோண்டே.

சனிக்கிழமை விடிந்ததும் எல்லோரும் வுயிசாவின் மாட்டுப்பட்டிக்கு வந்தார்கள். பெரியப்பா மகன்கள் இருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அசாக்கே போர்வை சுற்றி நின்றாள். வேறு குலத்துக்காரன் என்பதால் மோண்டே வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

வுயிசா முன்னோரை அழைக்க ஆரம்பித்தான். "ராடேபே, பூங்கானே, ம்திம்குலு..." அதோடு நிறுத்திவிட்டான். பெயர்கள் மறக்கவில்லை. வரிசை முடிந்தால் அடுத்துச் சொல்ல வேண்டியது 'விட்டுக் கொடுக்கிறேன்' என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

போர்வைக்குள்ளிருந்து சின்னக் குரல் அடுத்த பெயரைச் சொன்னது. அதற்கடுத்ததையும் சொன்னது. கடைசிப் பெயர் வரை எங்கேயும் தடுக்கவில்லை.

வுயிசா திரும்பிப் பார்த்தான். "யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"அப்பா," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மோண்டே அப்பா. ஸ்கூலுக்குப் போற வழியில தினம் சொல்லச் சொல்வாரு. ஒண்ணு விட்டாலும் முதல்லேருந்து சொல்லணும். நான் யாரு வீட்டுப் பிள்ளைன்னு மறக்கக் கூடாதாம்."

வேலிக்கு வெளியே மோண்டே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். இவனை வெறுக்க முடிந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று வுயிசாவுக்குத் தோன்றியது.

"என்னடா, சொல்லு," என்றான் பெரியப்பா மகன்களில் மூத்தவன். "முன்னோருங்க காத்திருக்காங்க."

நழுவியிருந்த போர்வையை வுயிசா மகளின் தோளில் இழுத்துவிட்டான். கையை அங்கேயே வைத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவ சொல்லும்மா," என்றான். "மெதுவா சொல்லு."

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆட்டைப் பிடித்திருந்தவர்கள் பிடியை மாற்றிக்கொண்டார்கள்.