இணைப்புச் சந்து பதினான்கு

"ஐயோ, விரிப்பு! விரிப்பு! கீழ பாத்து வாப்பா!"

கத்திக்கொண்டே ஈரக் கையோடு ஓடினாள் கஞ்சியக்கா. அதற்குள் ஸ்கூட்டரின் முன்சக்கரம் வெள்ளை விரிப்பின் நட்டநடுவில் ஏறி நின்றுவிட்டது. பின்னால் பார்சல் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"மேப் இப்படித்தான் போகச் சொல்லுதுக்கா."

"மேப்பா வந்து துவைக்கும்? முதல்ல இறங்கு."

"பின்தெருவுக்கு இதானே குறுக்குவழி? சந்துன்னு போட்டிருக்கே."

"சந்தும் இல்ல, பொந்தும் இல்ல. இது என் வீட்டு முற்றம். அதோ, அது என் அடுப்படி ஜன்னல். இன்னிக்கு என்ன சமையல்னும் உன் மேப்ல போட்டிருக்கா?"

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். நீலக் கோடு ஒன்று அவள் வீட்டு முன்கேட்டில் நுழைந்து, வளையாமல் நெளியாமல் பின்கேட்டில் வெளியேறியது. அதன் மேல் பொடி எழுத்தில் 'இணைப்புச் சந்து 14' என்றிருந்தது. கடந்த மூன்று மாதத்தில் இதை அவளுக்குக் காட்டாத ஆளே இல்லை. தண்ணீர் லாரிக்காரர் காட்டினார், தபால்காரர் காட்டினார், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்து வழி தவறிய ஒரு குடும்பமே காரை விட்டிறங்கிக் காட்டியது.

ஸ்கூட்டர் போனதும் அவளுடைய நாத்தனார் சக்கரத் தடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "தார் அண்ணி. மறுபடி ஊறப்போடணும்."

"போடு. எல்லாத்தையும் ஊறப்போடு. என்னையும் சேர்த்துப் போடு."

கஞ்சியக்காவின் கணவர் இறந்த பிறகு, வீட்டோடு சேர்ந்த சலவைக்கடையை இழுத்துக்கட்டி நடத்துவது இந்த இரண்டு பெண்கள்தான். லாட்ஜுகளின் படுக்கை விரிப்பும் மருத்துவமனையின் பச்சை விரிப்பும் வரும். துணி வண்டிகள் வந்துபோக இரண்டு கேட்டும் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். கொடியில் போட்டால் மடிப்பு விழும் என்பதால், கஞ்சி போட்ட விரிப்பை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் முன்கேட்டிலிருந்து பின்கேட்டு வரைக்கும் ஒன்றின் நுனியில் ஒன்றாக விரித்துக் காயவைப்பாள். மொடமொடவென்று நிற்கும். அந்தக் கஞ்சியால் வந்ததுதான் தெரு வைத்த பெயர். வாயும் அதே பதத்தில் இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது.

தொல்லை வழிதவறி வருகிறவர்களோடு நின்றிருந்தால் சண்டை போட்டே காலத்தை ஓட்டியிருப்பாள். ஆனால் அடுப்படி அலமாரியில் மாநகராட்சி நோட்டீஸ் ஒன்று இருந்தது. 'பொதுப்பாதைக்குத் தடையாக உள்ள இரு இரும்புக் கேட்டுகளைப் பதினைந்து நாட்களுக்குள் அகற்ற வேண்டும். தவறினால் மாநகராட்சியே அகற்றும்.' பதினொரு நாள் போனிலேயே கழிந்துவிட்டது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, காத்திரு. வரும் திங்கட்கிழமை இடிக்க ஆள் வரும். கேட்டுகள் போனால் முற்றம் தெரு. முற்றம் தெருவானால் சலவையும் இல்லை, சாப்பாடும் இல்லை.

"நாளைக்கு நேர்ல போறோம்" என்றாள் கஞ்சியக்கா.

"கோபப்படாமப் பேசணும் அண்ணி."

"நான் எப்பக் கோபப்பட்டேன்?"

"இப்பவே பல்லைக் கடிக்கிறீங்களே."

மறுநாள் வியாழக்கிழமை. மாநகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மனு வாங்க ஆளில்லை, இயந்திரம்தான் இருந்தது. 'உங்கள் வீட்டை வரைபடத்தில் தொடவும்' என்றது. கஞ்சியக்கா தன் முற்றத்தைத் தொட்டாள். 'நீங்கள் தொட்ட இடம் பொதுச் சாலை. வீட்டு உரிமையாளர் மட்டுமே மனு அளிக்கலாம். நன்றி.'

"நன்றி வேற சொல்லுது பாரு" என்று அவள் கையை ஓங்கினாள். நாத்தனார் கையைப் பிடித்து, ஐந்தாம் மாடிக்குப் படியேற்றினாள்.

வரைபடப் பிரிவு என்பது ஒரு நீளமான அறை. எட்டு மேசைகள், எட்டு கணினிகள், அதில் ஐந்துக்கு ஆளில்லை. நடுவில் இருந்த பிரிவு அலுவலர் நோட்டீஸைப் படித்துவிட்டு, எதிர்பாராத மரியாதையோடு நாற்காலி காட்டினார்.

"உக்காருங்கம்மா. இது பொதுத் தரவு. மாநகராட்சி தயார் பண்ணி எல்லாருக்கும் திறந்து வெச்சிருக்கு. யார் வேணா பாக்கலாம், யார் வேணா எடுத்துக்கலாம்."

"அப்ப நான் என் முற்றத்த எடுத்துக்கறேன் சார்."

"அப்படி இல்லம்மா..."

"பின்ன எப்படி? என் மாமனார் கட்டின வீடு. பட்டா இருக்கு, வரி ரசீது இருக்கு. சந்து எப்ப சார் பொறந்துச்சு?"

அவர் கணினியில் எதையோ தட்டினார். "சந்து உபயோகத்துல இருக்கேம்மா. போன்களோட நடமாட்டக் கணக்கு வருது. ஒரு நாளைக்குச் சராசரியா நாப்பத்தொரு பேர் போறாங்க."

"அவங்க ஏன் போறாங்க?"

"வழி இருக்கறதால."

"வழி எங்க இருக்கு?"

"மேப்ல இருக்கு."

"மேப்ல ஏன் இருக்கு?"

"ஆளுங்க போறதால..." என்று தொடங்கியவர், தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். கஞ்சியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள், சத்தம் வரும்படியே அடித்துக்கொண்டாள்.

"சார், உங்க மேப் சொல்லித்தான் அவங்க என் விரிப்பு மேல ஏறி வராங்க. அவங்க ஏறி வர்றதப் பாத்து உங்க மேப் சரிங்கறீங்க. நடுவுல துவைக்கறது நான்!"

ஓரத்து மேசையில் கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி தட்டுவதை நிறுத்தினாள். "சார், பதினாலா? அது நான் வரைஞ்சதுதான். மேலேர்ந்து எடுத்த படத்துல தெளிவா இருந்துச்சு. இங்க வாங்கம்மா, காட்டறேன்."

விமானத்திலிருந்து எடுத்த படம் திரையில் விரிந்தது. கஞ்சியக்கா தன் வீட்டை மேலிருந்து பார்ப்பது அதுதான் முதல் முறை. மொட்டை மாடியில் உடைந்த தொட்டி, பக்கத்து வீட்டுக் கூரை ஓட்டை, எல்லாம் தெரிந்தது. முற்றத்தில் கேட்டிலிருந்து கேட்டுக்குப் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை.

"சிமெண்டுப் பாதை" என்றாள் கண்ணாடிப்பெண். "ஒரே அகலம், நேர்கோடு. ரெண்டு பக்கமும் தெருவைத் தொடுது."

கஞ்சியக்கா குனிந்தாள். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள்.

"பத்தொம்பது" என்றாள்.

"என்னம்மா?"

"பத்தொம்பது விரிப்பு. எண்ணிப் பாரு, மெல்லிசா இணைப்பு தெரியும். இது ரோடு இல்லம்மா. இது புதன்கிழமை."

"புதன்கிழமையா?"

"மத்த நாள்ல ஆஸ்பத்திரிப் பச்சை. வெள்ளை மட்டும் மொத்தமா காயறது லாட்ஜ் துணி வர்ற புதன்தான். எப்ப எடுத்த படம், பாரு."

பெண் தேதியைத் தேடினாள், பிறகு நாட்காட்டியைத் தேடினாள். பிரிவு அலுவலர் எழுந்து வந்து பின்னால் நின்றார். புதன்கிழமைதான்.

"இந்தக் கோடியில ஒரு புள்ளி இருக்கே அண்ணி" என்றாள் நாத்தனார். "வாளியோட நிக்கறது நான்தான். பாருங்க, என்னையும் படம் பிடிச்சிருக்காங்க."

"சந்துல நடந்து போற ஆளுன்னு நினைச்சேன்" என்றாள் பெண் மெல்லிய குரலில்.

"நடந்து போற ஆளா! அன்னிக்கு இடுப்பு ஒடிய முழுக்க விரிச்சது நான்."

பிரிவு அலுவலர் தொண்டையைக் கனைத்தார். "சரிம்மா, புரிஞ்சுது. ஒரு வழி இருக்கு. 'சாலை மூடப்பட்டது'ன்னு போட்டுடறேன். ரெண்டு நிமிஷ வேலை. திங்கட்கிழமை யாரும் வர மாட்டாங்க. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

"போலாம் அண்ணி" என்றாள் நாத்தனார் உடனே. "கேட்டு தப்பிச்சுது."

கஞ்சியக்கா நகரவில்லை. "மூடிட்டா, அப்புறம் அது யாரோட இடம் சார்?"

அவர் கண்ணாடிப்பெண்ணைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள்.

"சாலை மாநகராட்சியோடதும்மா. மூடின சாலையும் மாநகராட்சியோடதுதான். ஆனா யாரும் கேக்க மாட்டாங்க."

"இப்ப இருக்கறவங்க கேக்க மாட்டாங்க. நாளைக்கு உங்க நாற்காலிக்கு வர்றவர்? இல்லாத ரோட்ட மூடிட்டு, என் முற்றத்த எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்றீங்களா? அழிங்க சார்."

"அழிக்கக் காரணம் போடணும்மா. பட்டியல்ல இருக்கறதுதான் போட முடியும். சாலை இடிக்கப்பட்டது, வேறு சாலையோட இணைக்கப்பட்டது, வெள்ளத்தால் அழிந்தது..."

"இருந்ததே இல்லைன்னு ஒண்ணு இல்லையா?"

"வரைந்தவர் பிழைன்னு ஒண்ணு இருக்கு" என்றாள் பெண்.

"அத யாரும் தொடறதில்ல" என்றார் அவர் அவசரமாக. "அத ஒரு தடவை போட்டா, அந்த ஆள் வரைஞ்ச மொத்தத்தையும் திறந்து மறுபடி பாக்கணும். விதி அப்படி. அதனாலதான் ஏழு வருஷமா இந்தப் பிரிவுல யாரும் தப்பே பண்ணல."



"நீ எத்தனை கோடு வரைஞ்சம்மா?" என்று கேட்டாள் கஞ்சியக்கா. கோபம் குரலில் அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது அது இந்தப் பெண்ணின் மேல் இல்லை.

"எண்ணூத்திச் சொச்சம்."

"அதெல்லாம் மறுபடியும் நீயே பாக்கணுமா?"

"வேற யாரு பாப்பாங்க? அந்த அஞ்சு நாற்காலியும் போன வருஷத்துலேர்ந்து காலி." பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கறேன். உங்கள மாதிரி தரையில வெள்ளைய விரிக்கறவங்க வேற யாராவது இருக்காங்களா?"

கஞ்சியக்கா விரல் விட்டு எண்ணினாள். "மேட்டுத்தெருவுல ரெண்டு கடை. மார்க்கெட் பின்னாடி ஒண்ணு. பாலத்தடியில அண்ணன் தம்பி ரெண்டு பேரு, பேச்சுவார்த்தை இல்ல, தனித்தனியா விரிப்பாங்க."

பெண் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு திரையில் பாலத்தைத் தேடினாள். "பாலத்தடியில ரெண்டு சந்து வரைஞ்சிருக்கேன். பக்கத்துப் பக்கத்துல."

"அடக் கடவுளே!" என்றார் பிரிவு அலுவலர்.

"அவங்களுக்கும் நோட்டீஸ் போயிருக்குமா சார்?" பெண் கேட்டாள். அவள் பட்டியலைத் திறந்து, கடைசி வரிவரைக்கும் இறக்கி, அழுத்தினாள். 'உறுதியாகவா?' என்று கேட்டது கணினி. மறுபடி அழுத்தினாள்.

"போச்சு" என்றார் அவர்.

"எண்ணூறும் போச்சு" என்றாள் அவள். "திங்கள் பத்து மணிக்குப் புது வரைபடம் வெளியாகும்க்கா. அப்பதான் எல்லாருக்கும் மாறும்."

"இடிக்கறவங்க எத்தனை மணிக்கு வருவாங்க?"

"அது வேற பிரிவும்மா" என்றார் அலுவலர். "ஆனா எங்க மேப்பப் பாத்துத்தான் இடிப்பாங்க. பத்து மணிக்கு மேல வந்தா பிரச்சினை இல்ல."

"அதுக்கு முன்னாடி வந்துட்டா?"

"வரக்கூடாது."

"வந்துட்டா?"

"வந்துட்டா... வந்ததுதான்."

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வந்தார்கள். ஒரு மேஸ்திரி, இரண்டு ஆட்கள், கேஸ் சிலிண்டரோடு இரும்பு வெட்டும் கருவி. மேஸ்திரியின் கையில் டேப்லெட். நாத்தனார் அடுப்படிக்குள் ஓடி, "அண்ணி, வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போலக் குதித்தாள்.

"குதிக்காதே. அடுப்பைப் பத்தவை. சின்னதா பத்தவை."

வெளியே வந்து, "வாங்க மேஸ்திரி, டீ சாப்பிட்டுட்டு வேலையைப் பாருங்க" என்றாள்.

மேஸ்திரி திகைத்தார். "எங்க போனாலும் திட்டுவாங்கம்மா. நீங்க டீ தர்றீங்க."

"திட்டறதுக்கு நேரம் இருக்கு. உக்காருங்க."

அடுப்பு சின்னதாக எரிந்தது. பால் பொங்குவேனா என்றது. கஞ்சியக்கா மேஸ்திரியின் மூத்த மகள் படிப்பு, இளைய மகள் படிப்பு, மாமியாரின் முழங்கால் வரை விசாரித்தாள். வாழ்க்கையில் அவள் இவ்வளவு இனிமையாகப் பேசியதில்லை. தாடை வலித்தது. ஒன்பது ஐம்பதுக்கு டீ வந்தது. சர்க்கரை இல்லாமல் வந்தது. திரும்பிப் போய்ச் சர்க்கரையோடு வந்தது.

"சரிம்மா, ஆரம்பிக்கலாம்" என்று அவர் எழுந்து டேப்லெட்டைத் தட்டினார். "அஞ்சே நிமிஷம். முன்கேட்டு முதல்ல." ஆட்கள் கருவியைத் தூக்கினார்கள்.

"தொடாத!" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது அவளுக்கு. பழைய கஞ்சியக்கா வெளியே வரத் துடித்தாள். பல்லைக் கடித்து, "இந்தக் கேட்டுதானா, சரியா பாத்துக்குங்க" என்றாள். "பின்னாடி தப்புன்னு ஆயிடக்கூடாது பாருங்க. உத்தரவுல எந்தச் சந்து?"

"இணைப்புச் சந்து பதினாலு." அவர் திரையை விரலால் விரித்தார். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "என்னமோ புதுசா ஏறுது. இருங்க." மறுபடி விரித்தார். வீடு வந்தது, முன்தெரு வந்தது, பின்தெரு வந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

"பதினாலு... பதிமூணு இருக்கு. பதினஞ்சு இருக்கு. ஏம்மா, இங்க ஒரு சந்து இருந்துச்சே?"

"மூணு மாசமா நான் இல்லைன்னு கத்தறேன், ஒருத்தர் நம்பல. இப்ப நீங்க இருந்துச்சுங்கறீங்க."

மேஸ்திரி அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்தினார், இரண்டை அழுத்தினார், காத்திருந்தார். நெற்றியைத் துடைத்தார். "இல்லாத சந்துக்கு எப்படிங்க கேட்ட வெட்டறது? எந்த இடம்னு பதிவு பண்ணா ஏத்துக்கவே மாட்டேங்குது." கடைசியில் உத்தரவுத் தாளின் அடியில் 'தடையும் இல்லை, பாதையும் இல்லை' என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போனார்.

கஞ்சியக்கா கேட்டைச் சாத்தினாள். கல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கண்ணாடிப்பொண்ணு காலையில போன் பண்ணுச்சு அண்ணி" என்றாள் நாத்தனார். "பாலத்தடிச் சந்து ரெண்டையும் எடுத்துட்டாளாம். இன்னும் எழுநூத்துச் சொச்சம் பாக்கியாம். அடுத்த மாசம் மறுபடி விமானம் வருதாம். தேதி அவளுக்கும் தெரியாதாம்."

"வரட்டும்."

"புதன்கிழமை வந்துட்டா? நாம கொஞ்சம் கோணலா, அங்க ஒண்ணு இங்க ஒண்ணா விரிச்சா என்ன? ரோடு மாதிரி தெரியாது."

கஞ்சியக்கா எழுந்து, கஞ்சியில் ஊறிய பச்சை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை நாத்தனாரிடம் வீசினாள்.

"நேரா பிடி. நான் கோணலா விரிக்கறதுக்காடி கஞ்சி போடறேன்? அவங்க கண்ணைக் கழுவிட்டு வந்து பாக்கட்டும்."