கட்டை எழுத்தில் ஆறு 'ம'

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சரக்கு இல்லை. ராயக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜம்மாள் சொன்னது. கிருஷ்ணகிரி வந்ததும் பாதியில் இறங்கிப் போய்விட்டாள். மீதிக்கு நான் திண்டாடுகிறேன்.

2.

ஒரு ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்: "1956-ம் வருஷம், மலைக்கோட்டையின் மேல் பொன்னொளி பரப்பியபடி சூரியன்..."

(வேண்டாம். கதை நடக்கிற அச்சாபீஸுக்குள் வெயிலே வராது.)

சரோஜம்மாள் மாதர் சங்கத்துக்காக ஒரு பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அமைத்துக்கொண்டிருந்தாள். கூலி வேலை செய்யும் எட்டுப் பெண்கள் எழுதப் பழகுவதற்கான புத்தகம். எங்கே படம், எங்கே எழுத்து, எவ்வளவு வெள்ளை விடுவது, எல்லாம் அவள் பொறுப்பு. கடைசிப் பக்கத்தில் எட்டுப் பேரின் பெயரும் பெரிதாக வர வேண்டும், விரல் வைத்து ஓட்டிப் பழக. அவ்வளவு பெரிய எழுத்து அங்கே மரத்தில்தான் இருந்தது, நாடக நோட்டீஸுக்கு வைத்திருந்த கட்டை எழுத்து.

அதில் 'ம' மொத்தம் ஆறு.

நம் பக்கத்துப் பெண்களின் பெயர்தான் தெரியுமே. நஞ்சம்மா, நாராயணம்மா என்று 'ம்'முக்கும் 'மா'வுக்குமாக ஆளுக்கு இரண்டு 'ம' கேட்பார்கள். மாரம்மா மூன்று கேட்கிறாள்.

3.

"இதே எழுத்த மாத்தி மாத்தி வெச்சு, மூணு தடவையா ஓட்டலாங்களா?" என்று கேட்டாள் சரோஜம்மாள்.

"ஏம்மா, மத்தியானம் நாடக நோட்டீஸ் மிஷின்ல ஏறணும். ஒரே ஓட்டுதான்" என்றார் அச்சாபீஸ்காரர் கோவிந்தப்பன். "நஞ்சி, மாரின்னு போட்டு முடி. பண்ணையில எல்லாம் அப்படித்தான கூப்புடறாங்க?"

வாசலில் நஞ்சம்மா நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் திறப்பு. புத்தகக் கட்டுகளை வாங்கிப்போக வந்தவள்.

(இந்த இடத்தில் கோவிந்தப்பனைக் கெட்டவராக்கிவிட ஆசை வந்தது. மீசை கூட வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். சங்கத்துக்குப் பாதிக் கூலியில் அடித்துக் கொடுத்தவர். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக அவருக்கே தெரியாது. அதுதான் சிக்கல்.)

"பண்ணையில கூப்புடறது எனக்குத் தெரியுங்க சாமி," என்றாள் நஞ்சம்மா. "அதுக்குப் புஸ்தகம் எதுக்கு?"

கோவிந்தப்பன் கண்ணாடியைத் துடைத்தார்.

4.

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ) கோவிந்தப்பன் மனம் மாறி மூன்று தடவை ஓட்டுகிறார். (நாடகக்காரர்கள் விடுவார்களா?)

ஆ) ஆறு 'ம'-வை வைத்து இரண்டு பேருக்கு மட்டும் 'அம்மா' போடுகிறார்கள். (எந்த இரண்டு பேர் என்று நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.)

இ) சரோஜம்மாள் அழுகிறாள். (அவள் அழுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் கண்டக்டரே அவளிடம்...)

நடந்தது இது. சரோஜம்மாள் ஆறு கட்டையையும் மேஜையில் வரிசையாக வைத்து, விஷயத்தை நஞ்சம்மாவுக்கு விளக்கினாள். நஞ்சம்மா ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"பத்தாதுங்களே."

"பத்தாது."

"அப்ப எங்க பேரு ஒண்ணுமே வேணாங்க. அந்த எடத்த வெள்ளையா உடுங்க. எட்டுக் கோடு மட்டும் போடுங்க. நாங்களே எழுதிக்கறோம்."

"உங்களுக்கு எழுதத் தெரியாதே, நஞ்சம்மா?"

"அதுக்குத்தானுங்க பள்ளிக்கூடம் வெக்கறீங்க?"

"கோடு ஒரே ஓட்டுல வந்துரும்" என்று கோவிந்தப்பன் உடனே ஒத்துக்கொண்டார்.

5.

இத்தோடு பஸ் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் எத்தனை மாதம் நடந்தது, நஞ்சம்மா பெயரை எழுதினாளா, தெரியாது. எழுதினாள் என்று நான் எழுத ஒரு வரி போதும். என்னிடம் 'ம'-வுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவள்தான் எழுதிக்கொள்கிறேன் என்றாளே.

கோடு மட்டும் போட்டுவிட்டேன். உங்களுக்கு எழுதத் தெரியும் என்பதற்காக அதில் நீங்களும் அவள் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

____________________