இரண்டு குப்பியிலும் அதே கிருமி

பெரிய டாக்டர் ஆய்வகத்துக்குப் படியிறங்கி வந்ததே இல்லை. போனில்தான் வருவார், அதுவும் திட்டுவதற்கு. அன்றும் அப்படித்தான்.

"அது தோல்ல இருக்குற சாதாரணக் கிருமி. ரத்தம் எடுக்குறப்போ ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். இதுக்கெல்லாம் ஒரு ரிப்போர்ட்டா?"

ஆய்வகத்தைப் பதினெட்டு வருஷமாகக் கட்டி மேய்க்கிறவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூளையில் ரத்தக்குழாய்கள் பிறவியிலேயே சிக்குப் பிடித்துக் கிடந்த ஒரு தையல்காரப் பெண்ணுக்கு, தொடை வழியாகக் குழாய் செலுத்தி, அந்தச் சிக்கைப் பசையால் அடைத்திருந்தார் மனிதர். நல்ல வேலைதான், யார் இல்லையென்றது? நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்து இரண்டு குப்பியில் அனுப்பினார்கள். ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்தால் ஊசி குத்தியவர் தலையில் கட்டலாம். இரண்டிலும் ஒரே கிருமி என்றால் அது ரத்தத்திலேயே ஓடுகிறது. படிக்க வந்த பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது.

"ரெண்டு குப்பியிலயும் அதேதான் சார் வளர்ந்திருக்கு. உள்ள இருக்குற பசையில போய் உக்காந்துச்சுன்னா..."

"இருநூறு கேஸ் பண்ணியிருக்கேன்மா. ஒண்ணுலகூட சீழ் பிடிச்சதில்ல. உங்க ஆளுங்களுக்கு முதல்ல கைகழுவக் கத்துக்கொடுங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடுத்த வாரம் மாநாட்டில் இருநூறுக்குப் பூஜ்யம் என்று மேடையேறி முழங்க வேண்டுமே, ஒரு தையல்காரியின் காய்ச்சல் குறுக்கே நிற்கலாமா? மறுநாளே மாத்திரை கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இவளோ 'போனில் தெரிவித்தாயிற்று' என்று நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எக்கேடு கெட்டால் என்ன, நம் வேலை முடிந்தது.

மூன்று வாரத்தில் அந்தப் பெண் வலிப்போடு வந்தாள். பசையைச் சுற்றிச் சீழ்க்கட்டி. மண்டையைத் திறந்து எடுத்த சீழிலும் அதே கிருமி. அதிசயமாக, பெரிய டாக்டரே கீழே வந்தார்.

"எந்த மருந்து கேக்கும்மா?" குரல் வெண்ணெயாக உருகியது.

"பழைய ரிப்போர்ட்லயே இருக்கு சார். படிச்சிருக்கலாம்."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவர் அதோடு நிற்கவில்லை. "அதுல, 'வெளியிலிருந்து கலந்திருக்கலாம்'னு ஒரு வரி சேத்துடுங்களேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார், அதுவும் இவள் கரண்டியால்!

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

அவர் முகம் செத்துப்போனதை அவள் ஆசைதீரப் பார்த்தாள்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் புருஷன் ரிப்போர்ட் நகல் கேட்டு வந்தார். உயிர் தப்பிவிட்டது, பேச்சுதான் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் கையைக் காட்டுகிறாளாம். மாட்டட்டும் அந்த ஆள் என்று நினைத்துக்கொண்டே நகலை நீட்டினாள்.

அவர் தேதியை இரண்டு முறை பார்த்தார்.

"இது அவளை வீட்டுக்கு அனுப்புறதுக்கு முந்தின நாளுங்களே."

"ஆமா. அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நேரங்கூட எழுதியிருக்கேன் பாருங்க."

"அவர் கேக்க மாட்டார்னும் அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இல்லீங்களா?"

கையெழுத்தைச் சுட்டிய விரலை அவள் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"எங்க போன் நம்பர் இதுலயே மேல இருக்கேம்மா," என்றார் அவர். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

பெரிய டாக்டரைத் திட்டச் சேர்த்துவைத்திருந்த வார்த்தை அத்தனையும் அவளுக்கே அப்படியே பொருந்திப் போயிற்று.