குழாய்க்குக் கட்டணம்

பதினேழு நாளாகக் கடைசித் தெருவில் தண்ணீர் வரவில்லை. பாஞ்சாலி பம்ப் அறைச் சுவரில் நாளுக்கு ஒரு கரிக்கோடு போட்டிருந்தாள். பதினேழாவது கோட்டைப் போட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் கால் வைத்தாள்.

முப்பதாயிரம் லிட்டருக்கு நூற்றிருபது கிராம் பிளீச்சிங் பவுடர். கரைத்து அரை மணி நேரம் தெளியவிட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பு கலக்காமல் மேல்நீரை மட்டும் இறுத்து எடுக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அவள் கலங்கலாக ஊற்றியதில்லை. தண்ணீரால் வயிறு கெட்டு இந்த ஊரிலிருந்து ஒருவரும் திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு படி ஏறினாள். மேலே நின்றால் மலைக்கோயிலும் பள்ளிப்பட்டுக்குப் போகும் முதல் பஸ்ஸும் தெரியும். அவள் தொட்டிக்குள் பார்த்தாள். தண்ணீர் விளிம்புவரை இருந்தது.

எட்டு மணிக்குச் சோதனைப் பெட்டியோடு கடைசித் தெருவுக்குப் போனாள். கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, கண்ணாடிக் குழலில் மூன்று சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பது அவள் வேலை. தொட்டியில் பவுடர் சரியாகக் கலந்திருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். பவுடர் கலக்காத தண்ணீர் நிறம் மாறாமல் நிற்கும்.

கௌரியம்மாள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "வா, இஞ்சினீரம்மா. கொழாய்ல பாம்பு சீறுது. புடிச்சிகினு போ."

"சாம்பிள் எடுக்கணும்க்கா."

"காத்தப் புடிச்சி பாட்டில்ல அடச்சிக்கோ. மாசம் அம்பது ரூவா அதுக்குத்தான கேக்குறீங்க?"

பாஞ்சாலி குழாயைத் திறந்தாள். காற்று வந்தது, பிறகு அதுவும் நின்றது. கௌரியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். "இந்தா. உன்ன வெறுங்கையோட அனுப்புவேனா?"

ஊராட்சித் தலைவர் கோதண்டபாணியின் டிராக்டர் டேங்கரில் வாங்கிய தண்ணீர் அது. குடம் எட்டு ரூபாய். பதினைந்து நாளாகத் தினமும் காலையில் வருகிறது. கழனிக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லியிருந்தார்.

"அது கெணத்துத் தண்ணிக்கா. டெஸ்ட் வேணாம்."

"தண்ணின்னா எல்லாம் தண்ணிதான், புடி." கௌரியம்மாள் குழலிலேயே ஊற்றிவிட்டாள்.

அவள் மனம் நோகக் கூடாதென்று பாஞ்சாலி மூன்று சொட்டு விட்டாள். குலுக்கினாள். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சாக்கடையில் கொட்டி, குழலைக் கழுவினாள்.

"இன்னா, என் தண்ணி ஃபெயிலா?"

"இல்லக்கா."

அன்று நோட்டில் கடைசித் தெருவுக்கு நேரே அவள் ஒன்றும் எழுதவில்லை. கணவன் இறந்த மாதம் இந்த ஆபரேட்டர் வேலையைப் போட்டுக்கொடுத்தவர் கோதண்டபாணி. ஆர்டர் எதுவும் கிடையாது. அவர் நாளைக்கு வராதே என்றால் வேலை முடிந்தது.

மறுநாள் மார்ச் இருபத்திரண்டு. தண்ணீர் தினத்துக்கான கிராம சபை, பள்ளிக்கூட வராந்தாவில் கூடியது. ஊராட்சிச் செயலர் பிரேம்குமார் போனை எடுத்துக்கொண்டு வந்தான்.

"யக்கா, பெட்டியத் தொற. போட்டோ அனுப்பணும். ஒரு டெஸ்ட் பண்ணிக் காட்டு."

"எந்தத் தண்ணியில?"

"தோ ஜக்குல கீதே. காலையில தலைவர் டேங்கர்லதான் புடிச்சோம்."

பாஞ்சாலி ஜக்கைப் பார்த்தாள். குழலில் ஊற்றி மூன்று சொட்டு விட்டாள். மஞ்சளானது.

"சூப்பர்க்கா. கலர் நல்லா வந்துகீது." படம் எடுத்துக்கொண்டு, குழலை மேசையிலேயே நிறுத்திவிட்டு அவன் தீர்மான நோட்டைத் திறந்தான்.

மின்கட்டணம், மோட்டார் ரிப்பேர், ஆபரேட்டர் சம்பளம் மூன்றையும் கூட்டி இருநூற்றுப் பத்து குழாய்களால் வகுத்திருந்தான். தொண்ணூற்றேழு ரூபாய் வந்தது. அதை நூறாக்கி, இனி மாதக் கட்டணம் என்று வாசித்தான். இந்த மாதம் பணம் கட்டாத பதினான்கு இணைப்புகளைத் துண்டிப்பது என்று அடுத்ததையும் வாசித்தான். பதினான்கும் கடைசித் தெரு.

கௌரியம்மாள் எழுந்தாள். "தண்ணியே வரல. எதுக்கு நைனா நூறு ரூவா?"

கோதண்டபாணி கோபப்படவில்லை. "தண்ணிக்கு யாருமா காசு கேட்டது? கொழாய்க்குத்தான் கட்டணம். உன் வூட்டாண்ட கொழாய் கீதா, இல்லியா?"

"கீது."

"அப்போ கட்டு."

முன்வரிசையில் சிரித்தார்கள். அவர் தொடர்ந்தார். "கடேசித் தெரு மேடு. தண்ணி ஏறல. அதுக்குத்தான் என் கெணத்தயே தொறந்து வுட்டுகினு கீறேன். டீசல் காசு மட்டும் எட்டு ரூவா வாங்கறேன். வேற எந்த ஊர்ல தருவான்?"

சிலர் கைதட்டினார்கள். கடைசித் தெருவிலிருந்தும் இரண்டு பேர் தட்டினார்கள்.

"பாஞ்சாலி, நாளைக்குக் காலையில அந்தப் பதினாலையும் அடச்சிடும்மா."

அவள் எப்போதும் ஆங் சரிண்ணா என்பாள். பிரேம்குமார் அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனவன், அந்தச் சத்தம் கேட்காததால் நிமிர்ந்தான்.

பாஞ்சாலி மேசைக்கு வந்து குழலை எடுத்தாள்.

"இது டேங்கர் தண்ணிண்ணா."

"ஆங். அதுக்கு?"

"உங்க கெணத்துக்கு யாரும் பவுடர் போடறதில்ல. மஞ்சளாவக் கூடாது."

கோதண்டபாணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "இன்னா பேசற நீ? உக்காரு."

அவள் உட்காரவில்லை. அவரையும் பார்க்கவில்லை. குழலைக் கௌரியம்மாளுக்குத் தெரியும்படி உயர்த்தினாள்.

"நூத்தியிருவது கிராம் நான் போட்டதுக்கா. நீங்க எட்டு ரூவாய்க்கு வாங்கறது நம்ம தொட்டித் தண்ணி."